ரத்தத்தின் பி.எச். ஏன் ஆடுவதில்லை? சமையல் சோடாவை வைத்துப் பார்த்துவிடலாம்

உடல் ஓயாமல் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அப்படியும் தமனி ரத்தத்தின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் நடுவில்தான் நிற்கிறது. பி.எச். என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடுதல். பி.எச். சட்டென்று மாறாமல் தடுக்கும் தாங்கல் கரைசல் (buffer) அமிலத்தை வாங்கிக்கொள்கிறது என்று படித்திருப்போம். அது பாதி விஷயம்தான், மீதி நுரையீரலில் இருக்கிறது. கீழே உள்ள சோதனையில் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

தேவையானவை: ஊதா முட்டைக்கோஸ் 100 கிராம், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 2 லிட்டர், சமையல் சோடா 2 கிராம், 4 சதவீத வெள்ளை வினிகர், ஊசி இல்லாத 2 மி.லி. சிரிஞ்ச், ஸ்ட்ரா, கண்ணாடி டம்ளர்கள், மூடியுடன் நிறம் தெரிகிற 200 மி.லி. பாட்டில்.

குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் வேண்டாம். அவற்றில் சமையல் சோடாவில் இருக்கிற பைகார்பனேட் ஏற்கெனவே கரைந்திருக்கும். வெறும் தண்ணீர் என்று நினைத்து எடுத்த டம்ளரே தாங்கல் கரைசலாக நடந்துகொள்ளும். இந்தச் சோதனை பிசகுவது பெரும்பாலும் இங்கேதான்.

படி 1: நிறங்காட்டி

முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, கொதிக்கும் தண்ணீர் 250 மி.லி. ஊற்றி 15 நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். இந்தச் சாறு பி.எச். 4 அருகே சிவப்பு கலந்த ஊதாவாகவும், 6 அருகே ஊதாவாகவும், 8 அருகே நீலமாகவும், 10ஐத் தாண்டினால் பச்சையாகவும் தெரியும். 100 மி.லி. கரைசலுக்கு 10 மி.லி. சாறு போதும். நிறம் எடுப்பாகத் தெரியட்டும் என்று கூட ஊற்றினால், சாற்றில் உள்ள கரிம அமிலங்களே பி.எச்.சைப் பிடித்து நிறுத்த ஆரம்பித்துவிடும்.

படி 2: சோடா கரைசல்

2 கிராம் சோடாவை 1 லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் கரையுங்கள். சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட்டின் மூலக்கூறு எடை 84. ஆகவே லிட்டருக்கு 24 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) கிடைக்கும். ரத்தப் பிளாஸ்மாவிலும் ஏறக்குறைய இதே அளவுதான். சூடான தண்ணீரில் கரைத்தால் கரியமில வாயு வெளியேறி ஒரு பகுதி கார்பனேட்டாக மாறும். நீலத்துக்குப் பதில் பச்சை வந்தால் காரணம் அதுதான். பேக்கிங் பவுடரில் அமில உப்பு கலந்திருக்கும், அது இங்கே உதவாது.

படி 3: மூச்சுக்காற்று

ஒரு டம்ளரில் 100 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், இன்னொன்றில் 100 மி.லி. சோடா கரைசல், இரண்டிலும் 10 மி.லி. சாறு. ஸ்ட்ரா வழியாக ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம் மெதுவாக ஊதுங்கள். உறிஞ்சக் கூடாது, பேட்டரித் தண்ணீர் குடிப்பதற்கானதல்ல. வெறும் தண்ணீர் சிவப்பு கலந்த ஊதாவுக்குப் போகும், கணக்குப்படி 4.6 அருகே. சோடா கரைசலோ 7.5 பக்கத்தில் நின்றுவிடும். நம் மூச்சில் உள்ள கரியமில வாயுவும் 24 மில்லிமோல் பைகார்பனேட்டும் சேர்ந்தால் ரத்தத்தின் பி.எச்.சுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதைக் கண்ணால் பார்ப்பதற்காகவே இந்தப் படியைச் செய்ய வேண்டும்.

வேகமாக ஊதினால் தலைசுற்றும். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, பி.எச். ஏறி, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் வருவது அது. நிறுத்தி இளைப்பாறிவிட்டுத் தொடருங்கள்.

படி 4: வினிகர்

புதிதாக இரண்டு டம்ளர் தயார் செய்து, ஒவ்வொன்றிலும் 0.1 மி.லி. வினிகர் விடுங்கள். வெறும் தண்ணீர் உடனே 4 அருகே இறங்கும். சோடா கரைசல் 8.3இலிருந்து 7.9க்குத்தான் வரும், நீலம் மாறாது.

படி 5: மூடியும் ஆற்றியும்

பாட்டிலில் 180 மி.லி. சோடா கரைசல், 18 மி.லி. சாறு, கடைசியாக 3.2 மி.லி. வினிகர். உடனே மூடி, மெதுவாக இரண்டு முறை கவிழ்த்து எடுங்கள். பைகார்பனேட்டில் பாதி தீர்ந்து கரியமில வாயுவாகிவிட்டது, வாயு தப்ப வழியில்லை. நிறம் ஊதா, பி.எச். சுமார் 6.3.

இப்போது பாதியை டம்ளரில் ஊற்றிவிட்டுப் பாட்டிலைத் திரும்ப மூடுங்கள். டம்ளரில் உள்ளதைக் காபி ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து இருபது முறை ஆற்றுங்கள். ஊதா கலைந்து நீலம் திரும்பும். காரம் எதையும் சேர்க்கவில்லை, வாயு போனது அவ்வளவுதான். பக்கத்தில் பாட்டில் ஊதாவாகவே இருக்கும். நிறம் திரும்பாவிட்டால் பெரும்பாலும் வினிகர் அளவு கூடியிருக்கும். பைகார்பனேட் முழுதும் தீர்ந்துபோனால் எவ்வளவு ஆற்றியும் பயனில்லை.

உடலில் இதே கணக்கு

1908இல் லாரன்ஸ் ஹெண்டர்சன் தந்த சமன்பாட்டை 1916இல் கார்ல் ஹாசல்பால்க் மடக்கை (log) வடிவில் எழுதினார்:

பி.எச். = 6.1 + மடக்கை (பைகார்பனேட் ÷ கரைந்த கரியமில வாயு)

ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 40 மி.மீ. பாதரசம் என்றால், அது எவ்வளவு கரையும் என்பதைச் சொல்லும் 0.03ஆல் பெருக்க 1.2 மில்லிமோல். 24 ÷ 1.2 = 20, அதன் மடக்கை 1.3, விடை 7.4.

லிட்டருக்கு 12 மில்லிமோல் அமிலம் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். மூடிய பாட்டிலாக இருந்தால் பைகார்பனேட் 12, வாயு 13.2, பி.எச். 6.06, உயிர் தங்காது. நுரையீரல் வாயுவை 40இலேயே வைத்திருந்தால் 7.1. மூச்சை வேகப்படுத்தி 26க்கு இறக்கினால் 7.29. ஹீமோகுளோபினும் மற்ற புரதங்களும், செல்லுக்குள் பாஸ்பேட்டும் கைகொடுக்கின்றன. செலவான பைகார்பனேட்டைச் சிறுநீரகம் திரும்ப உண்டாக்கும், அதற்குச் சில நாட்கள் ஆகும்.

சர்க்கரை நோய் முற்றி கீட்டோன் அமிலம் சேர்ந்தவர்கள் ஆழமாக, வேகமாக மூச்சிழுப்பது இந்த 7.29ஐக் காப்பாற்றத்தான். அந்த நிலையில் ஒருவரை மயக்க மருந்து கொடுத்து செயற்கை சுவாசக் கருவியில் வைக்க நேர்ந்து, கருவியைச் சாதாரண வேகத்தில் ஓடவிட்டால், வாயு 40க்கு ஏறி பி.எச். 7.1க்கு விழும். அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் இப்படிப்பட்டவர்களுக்குக் கருவியின் வேகத்தை முதலிலேயே கூட்டி வைக்கிறார்கள்.