குடல் ஆபரேஷனுக்குப் பிறகு சமையலில் எண்ணெய்: எவ்வளவு, எப்படி?

குடல் ஆபரேஷன் முடிந்து ஒருவர் வீடு திரும்பியதும் நம் வீடுகளில் எண்ணெய் பாட்டில் அலமாரிக்குள் போய்விடும். அப்புறம் வாரக்கணக்கில் வெறும் கஞ்சிதான். பாவம், அவர் இன்னும் மெலிந்துபோவார். புண் ஆற உடம்புக்குக் கலோரி வேண்டும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4தான். நாலு வாய் சாப்பிட்டதுமே போதும் என்பவருக்கு இது பெரிய வித்தியாசம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரவும் கொழுப்பு தேவை. ஆகவே எண்ணெயை நிறுத்த வேண்டாம், அளந்து ஊற்றுங்கள்.

படி 1: எதை எடுத்தார்கள் என்று கேளுங்கள்

பெருங்குடலில் ஒரு பகுதி மட்டும் என்றால் கொழுப்பு செரிப்பதில் பொதுவாகப் பெரிய சிக்கல் வராது. அந்த வேலை நடப்பது சிறுகுடலில். சிறுகுடலின் கடைசிப் பகுதி போயிருந்தால்தான் கதை வேறு. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பை உடம்பு அங்கேதான் திரும்ப உறிஞ்சி மறுபடி பயன்படுத்துகிறது. அந்த இடம் இல்லாவிட்டால் பித்த உப்பு பெருங்குடலுக்குள் இறங்கி வயிற்றுப்போக்கைக் கிளப்பும். 100 சென்டிமீட்டருக்கு மேல் எடுத்திருந்தால் பித்த உப்பே பற்றாமல் போகும், கொழுப்பு செரிக்காமல் வெளியேறும். இவர்களுக்கு டயட்டீஷியன் சொல்வதுதான் அளவு. மற்றவர்கள், வழக்கமான சாப்பாட்டுக்கு டாக்டர் சரி சொன்ன பிறகு அடுத்த படிக்கு வரலாம்.

படி 2: டீஸ்பூனில் தொடங்குங்கள்

வாணலியில் பாட்டிலைச் சாய்க்கும் பழக்கத்தைக் கொஞ்ச நாள் விடுங்கள். ஒரு வேளைக்கு, அவர் பங்குக்கு மட்டும், ஒரு டீஸ்பூன். குழைந்த சோறு, தோல் சீவி வேகவைத்த சுரைக்காய், அவித்த மீன், இதற்கு அது தாராளம். மூன்று பெரிய சாப்பாட்டை ஐந்து சின்னச் சாப்பாடாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே வேளையில் கொழுப்பு கூடினால் சாப்பாடு இரைப்பையிலேயே தங்கி, குமட்டும். பாமாயிலா நல்லெண்ணெயா என்ற சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

படி 3: தேங்காய்ப்பாலையும் கணக்கில் சேருங்கள்

பினாங்கு சமையலில் கோட்டை விடுகிற இடம் இதுதான். கறியில் எண்ணெயைக் குறைத்துவிட்டு, கடைசியில் 200 மில்லி சந்தான் (கெட்டித் தேங்காய்ப்பால்) பொட்டலத்தை முழுசாகக் கவிழ்ப்போம். கெட்டிப் பால் 100 மில்லியில் ஏறத்தாழ 20 கிராம் கொழுப்பு இருக்கும், அதாவது நாலு டீஸ்பூன் எண்ணெய்க்கு மேல். பொட்டலத்தின் பின்பக்கம் அளவு போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். சொதி கேட்டால் இரண்டாம் பாலில் வையுங்கள், மிளகாயும் வேண்டாம். நாசி லெமாக், ரொட்டி சானாய், கறி மீ மாதிரி கொழுப்பு மிகுந்த சாப்பாடெல்லாம் காத்திருக்கட்டும்.

தேங்காய் எண்ணெயில் எம்சிடி (நடுத்தர நீளச் சங்கிலி கொண்ட ஒரு வகைக் கொழுப்பு) இருக்கிறது, குடலுக்கு லேசு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். எம்சிடி கொழுப்பு பித்தத்தை அதிகம் நம்பாமல் நேரே கல்லீரலுக்குப் போவது உண்மைதான். ஆனால் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், அது பெரும்பாலும் சாதாரணக் கொழுப்பின் வழியில்தான் செரிக்கிறது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கும் எம்சிடி எண்ணெய் வேறு சரக்கு.

படி 4: சூப்பை ஆறவையுங்கள்

கோழி சூப்பை முந்தின இரவே வைத்து, ஆறியதும் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் கொழுப்பு மேலே ஏடாக உறைந்திருக்கும். கரண்டியால் வழித்தெடுத்துவிட்டுச் சூடாக்குங்கள்.

படி 5: மலத்தைக் கவனியுங்கள்

கேட்கக் கூச்சம்தான், ஆனால் கேட்டே ஆக வேண்டும். வெளிறி, எண்ணெய் மினுங்கி, கடும் நாற்றத்துடன் மிதந்து, தண்ணீர் ஊற்றியும் போகாமல் ஒட்டிக்கொண்டால் கொழுப்பு செரிக்கவில்லை. அளவைப் பாதியாக்கிவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை, அன்றாட அளவில் ஒரு டீஸ்பூன் மட்டும் கூட்டலாம்.

வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றாலோ, காய்ச்சல் அடித்தாலோ, எண்ணெய்க் கணக்கையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.