பொம்மைப் படம் குலுங்காமல் இருக்க

பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படம்பிடித்து, வரிசையாக ஓடவிடுவதுதான் ஸ்டாப் மோஷன். அப்படிப் படம் எடுக்க உட்காரும் பலர் முழு உழைப்பையும் பொம்மைக்கே கொடுத்துவிடுகிறார்கள். படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அசையும் கேமராவும் மாறும் வெளிச்சமும்தான்.

விநாடிக்கு 12 படங்கள் என்றாலே, 10 விநாடிக் காட்சிக்கு 120 முறை பொத்தானை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் விரல் பட்டால் போன் மயிரிழை நகரும். ஓடவிட்டுப் பார்த்தால் காட்சியே குலுங்கும். போனை இரண்டு செங்கற்களுக்கு நடுவே துணி வைத்து இறுக்குங்கள். கம்பியுள்ள இயர்போனைச் செருகி, அதன் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்துங்கள். பல போன்களில் அதுவே படம் எடுத்துவிடும். அட்டை வீடு, மரம் எல்லாவற்றையும் மேசையோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள்.

ஜன்னல் வெளிச்சம் வேண்டவே வேண்டாம்! ஒரு மேகம் கடந்தால் போதும், படம் மினுமினுக்கும். திரைச்சீலையை மூடி, மேசை விளக்கில் எடுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்ச அளவு), நிறச் சமநிலை மூன்றையும் கைமுறையில் நிலைநிறுத்துங்கள். வெள்ளைச் சட்டையும் ஒளியைத் திருப்பி அனுப்பும். அடர்நிற உடையே நல்லது.

பொம்மை குதிக்க வேண்டுமா? முதுகுப்பக்கம் கம்பியால் தாங்கிப் பிடியுங்கள். பொம்மை இல்லாத வெறும் காட்சியை முன்பே ஒரு படம் எடுத்து வைத்தால், பிறகு எடிட்டிங்கில் கம்பியை அழித்த இடத்தை அதைக்கொண்டு நிரப்பலாம்.