‘மீதிங்க்ஸ்’ இலக்கணப் பிழையா? ஓர் ஆங்கில வினைச்சொல்லின் வேரை நாமே தேடுவது எப்படி

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து எடுத்த ஒரு பகுதி. அதில் ‘மீதிங்க்ஸ்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்திருந்தான்.

“மாமா, ‘ஐ திங்க்’னுதானே வரணும்? ‘மீ’ எப்படி முன்னாடி வரும்? போதாததுக்கு கடைசியில ‘எஸ்’ வேற. நான் இப்படி எழுதினா மிஸ் மார்க்கைக் குறைச்சிடுவாங்க.”

“பழைய இங்கிலீஷ்டா. கவிதையில அப்படித்தான் எழுதுவாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது சுத்தத் தப்பான பதில் என்று ராத்திரி அகராதியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. ‘திங்க்’ என்ற ஒரே சொல்லுக்காக அன்றைக்குத் தூக்கம் போனது. எந்த ஆங்கில வினைச்சொல்லுக்கும் இதே வழி பொருந்தும் என்பதால் நான் தேடிய முறையை இங்கே எழுதுகிறேன். உதாரணம் முழுக்க ‘திங்க்’தான்.

என்ன வேண்டும்?

ஒரு நோட்டு, ஒரு பேனா, இணைய இணைப்பு. நான் முதலில் திறப்பது டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் எடிம்ஆன்லைன் தளம். இலவசம், ஒரு சொல்லின் கதையை ஒரே பத்தியில் சொல்லிவிடும். அடுத்தது ஆங்கில விக்சனரி. பிற மொழி உறவுச் சொற்களைப் பார்க்க இதைவிட வசதியானது எனக்குக் கிடைக்கவில்லை. பழைய ஆங்கிலச் சொல்லுக்கு பாஸ்வொர்த்–டோலர் அகராதி, அதுவும் இணையத்தில் இலவசம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிதான் இவற்றுக்கெல்லாம் பெரியண்ணன். 1884-ல் முதல் பகுதி வந்து, 1928-ல்தான் முடிந்தது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். ஆனால் இணையத்தில் முழுதாகப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். ஆரம்பத்திலேயே அது தேவையில்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘இந்தச் சொல் எப்படி வந்தது தெரியுமா?’ படங்களை மட்டும் தொடாதீர்கள். அதில் என் கருத்து மாறப்போவதில்லை.

படி 1: அகராதியைத் திறக்காமல் பொருளை எழுதுங்கள்

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த ஆங்கில வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக வீட்டில் பேசும் தமிழைப் போடுங்கள். எனக்கு வந்தவை இவை. ‘ஐ திங்க் இட் வில் ரெய்ன்’ – மழை வரும்னு நினைக்கிறேன், மழை வரும் போலிருக்கு. ‘லெட் மீ திங்க்’ – கொஞ்சம் யோசிக்க விடு. ‘ஐ கான்ட் திங்க் ஆஃப் ஹிஸ் நேம்’ – அவர் பேர் ஞாபகத்துக்கு வரலை. ‘ஜஸ்ட் திங்க்!’ – நினைச்சுப் பாரேன்!

கருத்து, யோசனை, ஞாபகம், கற்பனை எல்லாவற்றையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைக்கிறது. நம் ‘நினை’யும் கிட்டத்தட்ட அப்படித்தான். ‘நினைவு’ என்றால் ஞாபகம், ‘நினைப்பு’ என்றால் எண்ணம்.

இந்தப் பட்டியல் போடும்போது எனக்கு ஒன்று பட்டது. ‘அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் இயல்பாகச் சொன்னால் ‘ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்’. இல்லை என்பது ‘வா’விலிருந்து தாவி ‘நினை’யில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதையே சொல்லுக்குச் சொல் தமிழாக்கி ‘அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை’ என்றால், அவர் வந்துவிட்டார், எனக்கு ஆச்சரியம் என்றல்லவா கேட்கிறது! நம் ஆட்கள் ‘ஐ திங்க் ஹி வில் நாட் கம்’ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். தப்பில்லை, ஆனால் ஆங்கிலக் காதுக்குக் கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கும்.

படி 2: அகராதி பொருள்களை எந்த வரிசையில் தருகிறது என்று பாருங்கள்

சின்ன விஷயம், ஆனால் மாட்டிக்கொள்வீர்கள். மாணவர்களுக்கான அகராதிகள் அதிகம் புழங்கும் பொருளை முதலில் தரும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியும் மெரியம்–வெப்ஸ்டரும் காலத்தால் மூத்த பொருளை முன்னால் வைக்கும். பேரகராதியில் முதலில் இருப்பது இன்றைக்குச் செத்துப்போன பொருளாகவும் இருக்கலாம்.

படி 3: நட்சத்திரமும் பங்காளியும்

சொற்பிறப்புப் பத்தியில் சில சொற்களுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும். நான் அதை அடிக்குறிப்பு என்று நினைத்து, பக்கத்தின் அடிவரை போய்க் குறிப்பைத் தேடினேன். ஒன்றும் இல்லை. ‘இந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, பிற்காலச் சொற்களை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டுருவாக்கியது’ என்பதே அதன் பொருள். ‘திங்க்’குக்கு மேலே போனால் ஆதி ஜெர்மானிய வடிவமும் (ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் பொதுவான தாய்மொழி), அதற்கும் மேலே ஆதி இந்தோ–ஐரோப்பிய வடிவமும் (லத்தீனுக்கும் வடமொழிக்கும்கூட மூலமான மொழி) நட்சத்திரத்தோடுதான் நிற்கும்.

அடுத்தது, ‘காக்னேட்’ என்ற சொல். ஜெர்மனில் ‘டெங்கென்’ என்றால் நினைப்பது. அதைப் பார்த்ததும் ‘திங்க்’ ஜெர்மனிலிருந்து வந்தது என்று நோட்டில் எழுதிவிட்டேன். இல்லை. இரண்டும் ஒரே தாத்தாவின் பேரன்கள். டெங்கென் திங்க்குக்கு அப்பன் அல்ல, பங்காளி. தமிழ் ‘நினை’யும் கன்னட ‘நெனெ’யும் எப்படியோ அப்படி. ஒன்றிலிருந்து ஒன்று வரவில்லை, இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை.

படி 4: சொல் ஒன்றா, இரண்டா?

நான் இரண்டு மணி நேரம் தொலைத்த இடம் இது. விக்சனரியில் ‘திங்க்’ பக்கத்தில் ‘சொற்பிறப்பு 1’, ‘சொற்பிறப்பு 2’ என்று இரண்டு தலைப்புகள் இருக்கும். முதல் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மூடிவிட்டேன். மீதிங்க்ஸுக்கான விடை இரண்டாவதில் இருந்தது.

பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறக்குறைய 1100-க்கு முன்னால், இரண்டு தனித்தனி வினைகள் இருந்தன. தமிழ் எழுத்தில் தோராயமாக எழுதினால் ஒன்று ‘தென்ச்சன்’, இன்னொன்று ‘துன்ச்சன்’. (இரண்டாவதில் வரும் ‘து’வை உதட்டைக் குவித்துக்கொண்டு ‘தி’ என்று சொல்லிப் பாருங்கள், அதுதான் சரியான ஒலி.) தென்ச்சன் என்றால் நினைப்பது. துன்ச்சன் என்றால் தோன்றுவது.

இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் தினமும் பேசுவதுதானே! ‘நான் நினைக்கிறேன்’ ஒரு பக்கம், ‘எனக்குத் தோன்றுகிறது’ இன்னொரு பக்கம். முதலாவதில் ‘நான்’ எழுவாய். இரண்டாவதில் நான் எழுவாயே இல்லை, ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். ‘தோன்றுகிறது’ என்ற வினையின் வாலில் இருப்பது அஃறிணை ஒருமை விகுதி.

மீதிங்க்ஸும் அச்சு அசலாக இதுவே. அந்த ‘மீ’, இன்றைய ‘என்னை’ அல்ல, பழைய ‘எனக்கு’. அந்த ‘எஸ்’, படர்க்கை ஒருமை விகுதி. ‘திங்க்’ இங்கே நினைப்பதே இல்லை, தோன்றுவது. எனக்குத் தோன்றுகிறது. இறந்தகாலமும் உண்டு: ‘மீதாட்’, எனக்குத் தோன்றியது.

மறுநாள் பையனைக் கூப்பிட்டு, “‘எனக்குத் தோணுது’க்குப் பதிலா ‘நான் தோன்றுகிறேன்’னு சொல்லிப் பாரு” என்றேன். “சாமிப் படத்துல பக்தன் முன்னாடி வர்ற மாதிரி இருக்கு மாமா” என்றான். புரிந்துவிட்டது.

அப்புறம் ஏன் இரண்டும் ஒன்றாயின? 1100-க்குப் பிறகு வந்த நடு ஆங்கிலக் காலத்தில் இரண்டின் ஒலிகளும் நெருங்கிப் போயின. இறந்தகால வடிவங்கள் ‘தோஹ்ட்டெ’, ‘தூஹ்ட்டெ’ என்று ஓர் உயிரொலி அளவே தள்ளி இருந்தன. பொருளும் பக்கத்து வீடு. ‘அது சரியில்லைன்னு எனக்குத் தோணுது’ என்பதற்கும் ‘நினைக்கிறேன்’ என்பதற்கும் எவ்வளவு தூரம்? போதாக்குறைக்கு, ‘எனக்கு’ வகை வாக்கியங்களையே ஆங்கிலம் மெல்ல மெல்லக் கைவிட்டது. ‘லைக்’ என்ற சொல்லும் இப்படிப் போனதுதான். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் ‘ஒருவருக்கு இன்பம் தருவது’. ‘எனக்குப் பிடிக்கிறது’ என்ற அமைப்பில் இருந்த வாக்கியம் ‘ஐ லைக்’ ஆகிவிட்டது. நாம் இன்னும் ‘எனக்குப் பிடிக்கும்’ என்றே சொல்கிறோம்.

ஜெர்மன் இரண்டையும் தனியாகவே வைத்திருக்கிறது: நினைக்க ‘டெங்கென்’, தோன்ற ‘டுங்கென்’. இரண்டாவது இன்றைக்குப் பழைய வாசனை அடிக்கும் சொல்.

ஆகவே நோட்டில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்: ‘சொற்பிறப்பு 2’ இருக்கிறதா என்று பார்க்காமல் பக்கத்தை மூடக் கூடாது.

படி 5: முரண்டு பிடிக்கும் இறந்தகாலம்

ஒரு வினையின் இறந்தகாலம் கோணலாக இருந்தால் சந்தோஷப்படுங்கள், அதற்குள் பழைய ஒலி ஒளிந்திருக்கும். திங்க் ஏன் ‘திங்க்ட்’ ஆகாமல் ‘தாட்’ ஆனது? மிகப் பழைய ஜெர்மானிய நிலையில் இறந்தகாலத்தில் மூக்கொலிக்கு அடுத்து ‘ஹ்’ போன்ற கரகரப்பான ஒலி வந்தது. அந்த ஒலிக்கு முன்னால் மூக்கொலி உதிர்ந்துபோய், உயிர் நெடிலானது. ‘ப்ரிங்’ என்பது ‘ப்ராட்’ ஆனதும் இதே வழியில்தான். தாட்டின் எழுத்தில் உச்சரிக்கப்படாமல் நடுவில் நிற்கும் ‘ஜி, ஹெச்’ இரண்டும் அந்தக் கரகரப்பின் எலும்புக்கூடு. ஜெர்மனில் ‘டாஹ்ட்டெ’ என்று அந்த ஒலி இன்னும் உயிரோடு இருக்கிறது.

‘பை–பாட்’, ‘டீச்–டாட்’ இரண்டையும் இதே கூடையில் போட்டுவிட்டேன். கரகரப்பு ஒலி அங்கேயும் உண்டு, ஆனால் உதிர்வதற்கு மூக்கொலி இருந்ததில்லை. தனியாக வையுங்கள்.

படி 6: ஒலிப் பரீட்சை

சொல்லைப் பார்த்ததும் ‘இது நம்ம சிந்தியிலிருந்து வந்ததுதானே?’ என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ‘சிந்தி’யே வடமொழி ‘சிந்தா’வை ஒட்டி நமக்கு வந்த சொல். அது இருக்கட்டும். உறவைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது.

யாக்கோப் கிரிம் 1822-ல் ஒலி மாற்றங்களை ஒழுங்குபடுத்தி எழுதினார். அண்ணன் தம்பியாகத் தேவதைக் கதைகள் தொகுத்தாரே, அதே கிரிம்தான். அவர் காட்டிய விதிகளில் ஒன்று: லத்தீன், வடமொழியில் சொல் முதலில் வரும் வல்லின ‘த்’, ஆங்கிலத்தில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் காற்றொலி ஆகும். பிற்பாடு ஜெர்மன் தன் பங்குக்கு அதை ‘ட்’ ஆக்கிக்கொண்டது. ‘த்ரீ’க்கு லத்தீன் ‘த்ரேஸ்’, வடமொழி ‘த்ரி’, ஜெர்மன் ‘ட்ரை’. ‘தின்’ என்ற மெலிவுச் சொல்லுக்கு லத்தீன் ‘தெனுயிஸ்’, வடமொழி ‘தனு’, ஜெர்மன் ‘டுன்’. ஆக, திங்க்குக்கு வடமொழியில் பங்காளி இருந்தால் அது ‘த்’தில் தொடங்க வேண்டும். ‘ச்’சில் தொடங்கும் சிந்தா தேர்ச்சி பெறவில்லை. காதுக்கு ஒத்து ஒலிப்பது உறவுக்குச் சாட்சி ஆகாது.

பரீட்சையில் தேறும் உறவு ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது: ‘தேங்க்’. பழைய ஆங்கிலத்தில் அதன் பெயர்ச்சொல்லுக்கு எண்ணம் என்று பொருள். அது நல்லெண்ணம் ஆகி, நன்றி ஆனது.

பின்சேர்க்கை 1: பழைய ஆங்கிலச் சொல்லை பாஸ்வொர்த்–டோலரில் தேட முடியவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எனக்குப் பழகிவிட்டதால் சொல்ல மறந்துவிட்டேன். தென்ச்சன், துன்ச்சன் இரண்டின் முதல் எழுத்தும் இன்றைய ‘டி, ஹெச்’ அல்ல, ‘தார்ன்’ என்ற தனி எழுத்து. நெடிய தண்டின் நடுவில் தொப்பை வைத்தாற்போல் இருக்கும். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண் பலகையில் 0254 தட்டினால் வரும். ஐஸ்லாந்து மொழியில் அது இன்றும் புழக்கத்தில் இருப்பதால், கைபேசியில் அந்த மொழிக்கான விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டாலும் போதும். நான் சோம்பேறி, விக்சனரியிலிருந்து நகலெடுத்து ஒட்டிவிடுவேன்.

பின்சேர்க்கை 2: ‘திங்’, அதாவது பொருள், சாமான், இதற்கு உறவா என்று ஒருவர் கேட்டார். இல்லை. திங் என்றால் பழைய ஆங்கிலத்தில் கூட்டம், சபை. சபையில் பேசப்படும் விவகாரம் என்றாகி, பிறகு எந்த விவகாரமும், எந்தப் பொருளும் ஆனது. ஐஸ்லாந்தின் நாடாளுமன்றம் 930-ல் தொடங்கியது. அதன் பெயர் ‘ஆல்திங்’. அந்தப் பழைய பொருள் அங்கே இன்னும் பதவியில் இருக்கிறது.

பின்சேர்க்கை 3: பயிற்சிக்கு வேறு சொல் கேட்டவர்களுக்கு மூன்று தருகிறேன். ‘பாண்டர்’ – லத்தீனில் எடை போடுவது. நம் ‘சீர்தூக்கிப் பார்ப்பது’ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘ரெக்கன்’ – கணக்கிடுவதும் கருதுவதும் ஒரே சொல்லில். எண், எண்ணு, எண்ணம் மூன்றையும் நோட்டில் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘கன்சிடர்’ – இதில் நட்சத்திரம் ஒளிந்திருக்கிறது, அச்சுக் குறி அல்ல, வானத்து நட்சத்திரம். ஆனால் எடிம்ஆன்லைனில் அந்த இடத்தில் ‘பெர்ஹாப்ஸ்’ என்று ஒரு சொல் நிற்கும். அதை விட்டுவிட்டு நோட்டில் எழுதினால் உங்களுக்கும் மார்க் குறையும்.