மங்குக்கு அதிமதுர எண்ணெய் காய்ச்சற முறை

கன்னத்துல, நெத்தியில மங்கு விழுந்தவங்களுக்காக இதை எழுதறேன். தோலை வெள்ளையாக்கற சமாச்சாரம் இல்லீங்க. கருத்த இடம் பக்கத்துத் தோல் நிறத்துக்கு வரணும், அவ்வளவுதான்.

தோலுக்குக் கருமை தர்ற மெலனின் உருவாக டைரோசினேஸ்ங்கற நொதி வேணும். அதிமதுரத்துல இருக்கற கிளாப்ரிடின் அதைத் தடுக்குது. 1998-ல் வந்த ஜப்பான் ஆய்வுல, 0.5 சதவீத கிளாப்ரிடினைக் கினிப்பன்றித் தோல்ல தடவினப்ப, புற ஊதாக் கதிரால வர்ற கருமை குறைஞ்சுது. கற்றாழையில அலோசின், பேர்பெரிங்கற (bearberry) செடி இலையில அர்பியூட்டின்னு இன்னும் சிலது உண்டு. 'மூலிகை'ன்னு விக்கற கோஜிக் அமிலம் பூஞ்சையில இருந்து வர்றது.

படி 1. வீட்டுல இருக்கற நலங்கு மாவுல கார்போகரிசி சேர்ந்திருக்கான்னு பாருங்க. அதுல இருக்கற சோரலென், வெயில் பட்டா தோலைக் கருக்க வைக்கும். வெண்புள்ளிக்கு வைத்தியத்துல சேர்க்கறதே அதுக்காகத்தான். மங்கு இருக்கறவங்களுக்கு அது நேர் எதிரி. எலுமிச்சைச் சாறு தடவிட்டு வண்டியெடுத்துட்டுப் போறதும் அதே கதைதான்.

படி 2. நாட்டு மருந்துக் கடையில அதிமதுரத்தைக் குச்சியாவே வாங்குங்க, பொடி வேண்டாம். உடைச்சா உள்ள மஞ்சளா, நார் நாரா இருக்கணும், மென்னா தித்திக்கணும். இடிச்சு, மிக்ஸியில அரைச்சு, சலிச்சு வைங்க.

படி 3. நான் ரொம்ப நாள் முட்டிக்கிட்டு நின்ன இடம் இது. எல்லாரும் தண்ணியில கொதிக்க வைக்கச் சொல்றாங்க. தண்ணியில இறங்கறது தித்திப்பு தர்ற கிளைசிரைசின். கிளாப்ரிடின் தண்ணியில கரையறதே அபூர்வம். அதனாலதான் எண்ணெய்.

10 கிராம் பொடிக்கு 100 மில்லி செக்கு நல்லெண்ணெய். காங்கேயம் பக்கத்து ஆளுங்க தேங்காய் எண்ணெய்தான் சொல்வாங்க. பரு வர்ற முகத்துக்கு அது ஆகாது. நேரா அடுப்புல வைக்காம, சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள்ள கிண்ணத்தை இறக்கி, சின்னத் தீயில ஒரு மணி நேரம் விடுங்க. மேல தட்டு போட்டு மூடினா ஆவி வேர்த்து எண்ணெய்க்குள்ள சொட்டும், சீக்கிரம் கெட்டுப்போகும். துணி கட்டிடுங்க. ஆறினதும் பழைய வேட்டித் துணியில ரெண்டு தரம் வடிகட்டி, ஈரமில்லாத பழுப்புக் கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஒரு மாசத்துக்குள்ள தீர்த்துடணும். அதிமதுரச் சாறு அளவு போட்டு விக்கற க்ரீம் அளவுக்கு வீரியம் இதுல எதிர்பார்க்காதீங்க. கைக்காசு இருந்தா நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

மஞ்சளைச் சேர்க்கலாமான்னா, ஈரோட்டுக்காரி நானே வேண்டாங்கறேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்குன மஞ்சள் குழம்புக்குப் போகட்டும். தலையணை உறையெல்லாம் கறை.

படி 4. முழங்கை மடிப்புல ரெண்டு நாள் தடவிப் பாருங்க. அரிப்பு இல்லேன்னா ராத்திரி மட்டும் மெல்லிசா. 8 முதல் 12 வாரம் பொறுக்கணும்.

படி 5. காலையில சன்ஸ்க்ரீன், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாம. தோல் நிறம் கலந்த வகைதான் என் கட்சி: அதுல இருக்கற இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தையும் மறிக்கும், மங்கை அந்த வெளிச்சமும் கருக்க வைக்கும். இந்தப் படியை விட்டா முதல் நாலும் வீண்.

பிற்சேர்க்கை: பட்டுப்புழு வளர்க்கற கோபிப் பக்கத்து அக்கா ஒருத்தர், "எங்க தோட்டத்து மல்பெரித் தழையை அரைச்சுப் போடலாமா"ன்னு கேட்டிருந்தாங்க. வேலை செய்யற ஆக்சிரெஸ்வெரட்ரால் முக்கியமா கட்டையிலயும் வேர்லயும் இருக்குங்க்கா. தழையில மருந்து அடிச்சிருந்தா அதுவும் முகத்துக்கு வரும். விட்டுடுங்க.

இன்னொண்ணு: மாசமா இருக்கறப்ப வந்த மங்கு, பிரசவத்துக்கு அப்புறம் தானாவே குறையறதுண்டு, அவசரப்பட வேண்டாம். மெடிக்கல்ல கேட்டு வாங்கின ட்யூப் ஏதாச்சும் போட்டுட்டு இருக்கறவங்க, அட்டையில பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால்னு இருக்கான்னு பாருங்க. மூணும் ஸ்டீராய்டு. இருந்தா, இந்த எண்ணெயைத் தொடறதுக்கு முன்னாடி தோல் டாக்டரைப் போய்ப் பாருங்க.