ஒரே விமானம், பல விலைகள்

கொழும்பிலிருந்து சென்னைக்குச் செல்லும் ஒரே விமானத்தில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு கட்டணம் செலுத்தியிருப்பது வழமையே. சாதாரண வகுப்பு ஆசனங்களை விமான நிறுவனங்கள் பல கட்டணப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் குறியீடாக வைத்திருக்கின்றன. மலிவான பிரிவு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த பிரிவின் விலையே திரையில் தெரியும்.

குடும்பமாகப் பயணிப்போர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. மலிவான பிரிவில் இரண்டு ஆசனங்களே எஞ்சியிருக்கையில் நால்வருக்கு ஒன்றாகத் தேடினால், பெரும்பாலும் நால்வருக்கும் உயர்ந்த விலையே காட்டப்படும். ஆகவே முதலில் ஒருவருக்கெனத் தேடிப் பாருங்கள். விலை குறைந்தால் இருவர் இருவராகப் பதிவு செய்யலாம். ஆயினும் விமானம் இரத்தானால் இரு பதிவுகளும் தனித்தனியாகவே கையாளப்படும் என்பதால், பிள்ளைகளைப் பெரியவர் ஒருவரின் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள்.

செவ்வாய் நள்ளிரவில் விலை குறையும் என்ற கதையை நம்பிக் கண்விழிக்கத் தேவையில்லை. டிசம்பர் விடுமுறை, சித்திரைப் புத்தாண்டு, நல்லூர்த் திருவிழா ஆகிய காலங்களில் லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ உறவினர் வருவதாயின், சில மாதங்களுக்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. திகதியை ஓரிரு நாட்கள் நகர்த்தினாலும் கட்டணம் கணிசமாக மாறக்கூடும்.

வெள்ளவத்தையில் பயண முகவரிடம் விசாரிக்கும்போது, பொதிக் கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகையையும், திகதி மாற்றுவதற்கான கட்டணத்தையும் கேளுங்கள். குறைந்த கட்டணச் சேவைகளின் ஆரம்ப விலையில் பெரும்பாலும் கைப்பொதி மட்டுமே அடங்கும்.