டோர்ஸில் ரிக்வயர்மென்ட்டுகளை ஒழுங்காக வைப்பது எப்படி

சேலம், கோவை, திருநெல்வேலி என்று பல ஊர்களில் இருந்து பெங்களூரு வொயிட்ஃபீல்டுக்கு வந்து எங்கள் டீமில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான் சொல்லிக் கொடுப்பது இது. ஐபிஎம் டோர்ஸ் என்பது ரிக்வயர்மென்ட்டுகளை, அதாவது நாம் உருவாக்கும் பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவைகளை, சேமித்து வைக்கும் ஒரு டேட்டாபேஸ். திரையில் வேர்டு ஃபைல் போலத் தெரிவதால், பலரும் வேர்டில் எழுதுவது போலவே பத்தி பத்தியாக அடித்துவிடுகிறார்கள். அப்புறம் டெஸ்ட் நேரத்தில் எல்லோரும் தவிக்கிறோம்.

முதல் விதி, ஒரு ஆப்ஜெக்டில் (டோர்ஸில் ஒரு தனிப் பதிவு) ஒரே ஒரு தேவைதான். நாங்கள் பார்ப்பது கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கன்ட்ரோலர். "தடை வந்தால் கண்ணாடி உடனே நின்று கீழே இறங்க வேண்டும், டிரைவருக்கு எச்சரிக்கை ஒலியும் தர வேண்டும்" என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். கண்ணாடி இறங்கியது, ஒலி வரவில்லை. இது பாஸா, ஃபெயிலா? நிற்பது, இறங்குவது, ஒலி மூன்றையும் தனித்தனி ஆப்ஜெக்டாகப் பிரியுங்கள்.

அடுத்து அந்த "உடனே". டெஸ்டர் அதை எதை வைத்து அளப்பார்? தானாக ஏறும் கண்ணாடிக்கு ஐநா-வின் ஆர்21 விதியும் அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 118-உம் எண்ணே கொடுத்திருக்கின்றன. அதை வைத்து இப்படி எழுதுங்கள்: "இடைவெளி 4 மி.மீ. முதல் 200 மி.மீ. வரை இருக்கும்போது, நெருக்கும் விசை 100 நியூட்டனைத் தாண்டுவதற்கு முன்பே கண்ணாடி திசை திரும்ப வேண்டும்." இதை அளந்து பார்க்கலாம். ஏதோ ஒரு குழந்தையின் விரல் அந்த இடைவெளியில் இருக்கப்போகிறது. வாக்கியத்தில் தளர்வு இருக்கவே கூடாது.

தேவையைக் குறிப்பிடும்போது 3.2.1 போன்ற தலைப்பு எண்ணைச் சொல்லாதீர்கள். நடுவில் ஒரு தலைப்பு நுழைந்தால் அது மாறிவிடும். டோர்ஸே தரும் அப்சல்யூட் நம்பர் மாறாது. ஆப்ஜெக்டை அழித்தாலும் அந்த எண் வேறொன்றுக்குப் போகாது. மெயிலிலும் மீட்டிங்கிலும் அதையே சொல்லுங்கள்.

ஒவ்வொரு ஆப்ஜெக்டோடும் சேர்த்து வைக்கும் விவரங்கள், அதாவது அட்ரிபியூட்டுகள், குறைவாக இருந்தால் போதும். வகை (தேவையா, வெறும் விளக்கமா), நிலை, சரிபார்க்கும் முறை, காரணம். நான்கில் நான் விடாப்பிடியாகக் கேட்பது காரணத்தைத்தான். 100 நியூட்டன் எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்காவிட்டால், ஆள் மாறியதும் யாராவது அதை 120 ஆக்கலாமா என்று கேட்பார்கள்.

இனி லிங்க், அதாவது ஒரு ஆப்ஜெக்டை இன்னொன்றோடு இணைப்பது. எப்போதும் கீழிருந்து மேலே போடுங்கள்: டெஸ்டிலிருந்து சாஃப்ட்வேர் தேவைக்கு, அதிலிருந்து சிஸ்டம் தேவைக்கு, அதிலிருந்து கஸ்டமர் தேவைக்கு. லிங்க் தொடங்கும் மாட்யூலில் (ஆப்ஜெக்டுகள் அடங்கிய தொகுப்பில்) எழுதும் அனுமதி வேண்டும். போய்ச் சேரும் மாட்யூலில் படிக்கும் அனுமதி போதும். கஸ்டமர் மாட்யூலில் நாம் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. எந்த மாட்யூலுக்கு எந்த லிங்க் மாட்யூல் (லிங்க்குகள் சேமிக்கப்படும் இடம்) என்பதையும் முன்பே அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லா லிங்க்கும் பொதுவான ஒன்றில் போய்க் குவியும். பின்னால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

மேலே தேவை மாறினால் கீழே உள்ள லிங்க் சஸ்பெக்ட் (மறுபடி சரிபார்க்க வேண்டியது) என்று காட்டும். இது ரொம்ப நல்ல வசதி. ஆனால் ரிவ்யூ கமென்ட் எழுதினாலும் சஸ்பெக்ட் வந்துகொண்டிருந்தால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். அதனால் கமென்ட் அட்ரிபியூட்டை உருவாக்கும்போதே, சஸ்பெக்ட் காட்டப் பயன்படும் மாற்றத் தேதியைப் பாதிக்கும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

லிங்க் இல்லாத தேவைகளை மட்டும் காட்டும் ஃபில்டர் போட்டு ஒரு வியூவாகச் சேமியுங்கள். வாரம் ஒரு தடவை திறந்தால் போதும்.

கஸ்டமருக்கு எதை அனுப்பினாலும், அனுப்பும் முன் பேஸ்லைன் (மாட்யூல் அந்த நேரத்தில் இருந்தபடியே உறைய வைத்த பிரதி) எடுங்கள். எடுத்த பேஸ்லைனை யாராலும் திருத்த முடியாது. அடுத்த ரிலீஸில் "எங்கே மாறியது?" என்று கேள்வி வந்தால், இரண்டு பேஸ்லைன்களை ஒப்பிட்டு, வந்த வித்தியாசத்தை அப்படியே அனுப்பிவிடலாம்.