மாடித்தோட்டம்: முதன்முறை வைப்பவர்கள் எதில் தொடங்கலாம்?

மாடித்தோட்டம் ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது தக்காளி விதையைத்தான். வெள்ளை ஈ வரும், இலை சுருளும், கடைசியில் ஒரு குழம்புக்குக்கூடக் காய் தேறாது. அதோடு ஆசையும் போய்விடும். என் கணக்கு வேறு. தினமும் கொஞ்சம் தேவைப்படுவது, பறித்ததும் வாடிவிடுவது, வெட்ட வெட்டத் துளிர்ப்பது: முதல் வருடம் இவற்றை மட்டும் வையுங்கள். வெங்காயம், உருளைக்கிழங்கு, காலிஃபிளவர் எல்லாம் கடைக்காரரிடமே இருக்கட்டும்.

1. வெயிலைப் பாருங்கள்

ஒரு விடுமுறை நாளில் காலை, உச்சி, மாலை என மூன்று வேளையும் மாடிக்குப் போய் எந்த மூலையில் எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது என்று பாருங்கள். காய்க்கும் செடிகளுக்கு 6 மணி நேர வெயிலாவது வேண்டும். கீரைக்கு 4 மணி நேரம் போதும். புதினாவும் ஓமவல்லியும் அரை நிழலிலேயே வரும். பால்கனி மட்டும்தான் இருக்கிறது என்றால் கத்தரி, வெண்டையை மறந்துவிடுங்கள்.

2. மண் கலவை

வெறும் மண்ணைப் பையில் நிரப்பினால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இறுகிவிடும், தளத்துக்கும் பாரம். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீரை மாற்றிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். மக்காத சாணத்தைப் போட்டால் அதன் சூட்டில் வேர் கருகிவிடும்.

செடி வளர்ப்பதற்கென்றே விற்கும் பையான க்ரோ பேக்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பழைய பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியில் நாலைந்து ஓட்டை போட்டாலே போதும். எதுவானாலும் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், தளம் ஈரத்தில் ஊறாது.

3. கீரை

தொடங்க வேண்டியது இங்கேதான். கீரைக்கு ஆழம் முக்கால் அடி போதும், அகலம்தான் முக்கியம். அரைக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். நாலு பங்கு காய்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய போர்வையாக மண் போட்டு, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். வாளியைச் சாய்த்து ஊற்றினால் விதை எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். எறும்பு தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கத் தொட்டியைச் சுற்றி மஞ்சள்தூளோ சாம்பலோ தூவலாம்.

ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கிக் களையுங்கள். அந்த இளங்கீரையும் பருப்புக்கு ஆகும். சுமார் 30 நாளில் முதல் வெட்டு. அடியில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டால் இரண்டு வாரத்தில் அடுத்த வெட்டு வந்துவிடும். சிறுகீரை 25 நாளில் வேரோடு பிடுங்குவது, அதோடு முடிந்தது. அதனால் அதை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு தொட்டி என்று மாற்றி மாற்றித் தூவ வேண்டும்.

பொன்னாங்கண்ணிக்கு விதையே வேண்டாம். கடையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்துவிட்டு, கணு உள்ள தண்டுகளை ஈர மண்ணில் செருகினால் வேர் விடும். மணத்தக்காளி இன்னும் சுலபம். நன்றாகப் பழுத்த பழத்தை மண்ணில் நசுக்கி விட்டாலே போதும். கீரை கூட்டுக்கு, காய் வற்றலுக்கு.

4. புதினா, கொத்தமல்லி, கறிவேப்பிலை

புதினாவும் தண்டிலிருந்தே வரும். ஆனால் அதற்குத் தனித் தொட்டி கொடுங்கள், மற்ற செடியோடு வைத்தால் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கொத்தமல்லிக்குச் சமையலறை மல்லியே போதும், மிகவும் பழையதாக இல்லாவிட்டால். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்து, ஒரு இரவு ஊறவைத்து விதையுங்கள். முளைக்க பத்து, பதினைந்து நாள்கூட ஆகும். வரவில்லை என்று மண்ணைக் கிளறிவிடாதீர்கள். சித்திரை வெயிலில் சீக்கிரமே பூத்துவிடும். ஐப்பசி முதல் தை வரைதான் அதற்கு நல்ல காலம்.

கொசுறாகக் கிடைக்கிற கறிவேப்பிலைக்கு ஒரு தொட்டியா என்று கேட்கலாம். எண்ணெயில் விழுந்ததும் எழும் அந்த வாசனைக்காகவே வைக்கலாம். நர்சரியில் கன்றாக வாங்கி, பெரிய பையில் நட்டு, ஒரு அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக்கிளை வரும். முதல் வருடம் மொட்டையடிக்க வேண்டாம். இலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது பட்டாம்பூச்சியின் புழு. கையால் எடுத்துவிடலாம், ஒன்றிரண்டை விட்டுவைப்பது உங்கள் மனசைப் பொறுத்தது.

5. அப்புறம் காய்கள்

கத்தரி, மிளகாய் இரண்டையும் ஆடியிலோ தையிலோ நாற்றுவிட்டு, 30 நாள் நாற்றாகப் பைக்கு ஒன்று என நடுங்கள். ஒரு வீட்டுக்கு மிளகாய்ச் செடி இரண்டே போதும். கத்தரியில் கொழுந்து மட்டும் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. அந்த நுனியை வெட்டி அப்புறப்படுத்துங்கள். காய்ப்பு குறைந்ததும் செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டு (இதுதான் கவாத்து) உரம் போட்டால் மறுபடி துளிர்க்கும்.

வெண்டையை நேரடியாக விதைக்கலாம், சுமார் 45 நாளில் காய் வரும். ஆனால் ஆறு செடியாவது வையுங்கள். இரண்டு செடியில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் காயை வைத்துக்கொண்டு என்ன பொரியல் செய்வது? ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும்.

6. தண்ணீர், பூச்சி

மண்ணுக்குள் ஒரு விரல்கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள். மாவுப்பூச்சி கொஞ்சமாக இருக்கும்போதே பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பை ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். மழை விட்டதும் எல்லாப் பைக்கும் ஒரு கைப்பிடி உரம் போடுங்கள், சத்து தண்ணீரோடு போயிருக்கும்.